500 லிட்டர் டிக்கியும் 116 செ.மீ. மட்டையும்

புதுக் கார் வந்த மூன்றாம் நாள், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, டிக்கியைத் திறந்து பையைக் குறுக்கே கிடத்தப் பார்த்தேன். மட்டைகளின் தலைப்பக்கம் உள்ளே போய் இடது சுவரில் முட்டி நின்றது. அடிப்பக்கம் ஒரு சாண் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டேன். மூலைக்கு மூலை சாய்த்தேன். நிமிர்த்தி வைக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். அந்த டிக்கி எதற்கும் இணங்கவில்லை. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததால், பையிலேயே மிக நீளமான டிரைவர் மட்டையையும் அதற்கடுத்த நீளமுள்ள ‘மூன்றாம் எண் உட்’ என்னும் மட்டையையும் உருவி எடுத்து, பையை ஒருவாறு உள்ளே திணித்து, உருவிய இரண்டையும் அதன் மேலே பரப்பி வைத்து மூடியை இறக்கினேன். மூடி நான்கு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது. பையின் வார் ஏதோ சிக்கியிருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது, காய்ந்த முருங்கைக் கிளை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

திறந்து பார்த்தேன். டிரைவரின் கார்பன் இழைத் தண்டு, பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, நார் நாராகப் பிளந்து கிடந்தது. அதைச் செய்தது டிக்கி மூடியின் கீல். வளைந்த அந்த இரும்புக் கை, மூடி திறந்திருக்கும்போது மேலே ஒதுங்கி நல்ல பிள்ளையாக நிற்கும். மூடும்போது டிக்கிக்குள்ளேயே இறங்கி உட்காரும். அது இறங்கும் இடத்தில் நான் மட்டையை வைத்திருந்தேன்.

அந்தக் காரை வாங்கியபோது விற்பனையாளரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “டிக்கி பெரிசுதானே?” அவர், “ஐந்நூறு லிட்டர் சார், நாலு சூட்கேஸ் தாராளமாப் போகும்” என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான்கு சூட்கேஸ்கள் அதில் தாராளமாகவே போயின. கோல்ஃப் பை சூட்கேஸ் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அதைச் சுமப்பவன் நான்.

டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்வதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. ஜெர்மானிய கார்த் தொழில் சங்கமான விடிஏ வகுத்த வழியிலும், ஐஎஸ்ஓ 3832 என்னும் தரநிலையிலும், 200 மில்லிமீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கட்டைகளை டிக்கிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறார்கள். ஒரு கட்டையின் கன அளவு சரியாக ஒரு லிட்டர் என்பதால், ஐந்நூறு கட்டைகள் அடங்கினால் அது 500 லிட்டர் டிக்கி. செங்கல்லைவிட மெலிந்த அந்தக் கட்டை, விளக்குக் கூட்டுக்குப் பின்னால் இருக்கும் பொந்திலும், சக்கரக் கூட்டின் மேலுள்ள திட்டிலும் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். தரைப் பலகைக்கு அடியிலுள்ள பள்ளத்தையும் சேர்த்து எண்ணும் நிறுவனங்கள் உண்டு. சில கார்களுக்குப் பின்னிருக்கையின் முதுகு உயரம் வரை அளந்த எண்ணைத் தருகிறார்கள். சிலவற்றுக்குக் கூரை வரை அளந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆக, லிட்டர் என்பது பொந்துகளையும் சந்துகளையும் சேர்த்துக் கூட்டிய கணக்கு. தண்ணீரையோ மளிகைப் பைகளையோ ஏற்றுகிறவருக்கு அது பயன்படும். வளையாத, மடங்காத, ஒரே நீளமான பொருளை ஏற்றுகிறவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

ஜப்பானில் இந்தச் சிக்கலை நேராகவே அணுகியிருக்கிறார்கள். அங்கே பெரிய செடான் கார்களின் விளக்க ஏடுகளில், டிக்கிக்குள் எத்தனை கோல்ஃப் பைகள் அடங்கும் என்பதையே ஒரு விவரமாக அச்சிடுவது வழக்கம். எந்த விட்டமுள்ள பையை வைத்து எண்ணினார்கள் என்பதுகூட அடிக்குறிப்பில் வரும். வேறெங்கும் இந்த நல்ல பழக்கம் ஏன் பரவவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் கணக்கு எளிதாகிவிடும். ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது என்பது விதி. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும், பிரிட்டனிலிருந்து கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ அமைப்பு 1939இலும் இந்த வரம்பைக் கொண்டுவந்தன. அதற்கு முன்பு இருபது, முப்பது மட்டைகள் வரை பையில் அடைத்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். பையைச் சுமந்து கூடவே நடக்கும் கேடியின் தோளைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்தப் பதினான்கில் பெரும்பாலானவை டிக்கிக்குத் தொந்தரவே தராதவை. வெட்ஜ் மட்டை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர், ஐந்தாம் எண் அயர்ன் 97 சென்டிமீட்டர், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் மட்டையில் சாதாரண வகை அதைவிடவும் குட்டை. மூன்றாம் எண் உட் 109 சென்டிமீட்டர் வரும். வழக்கைக் கொண்டுவருவது டிரைவர் ஒன்றுதான். இன்று கடையில் கிடைக்கும் டிரைவர்கள் பொதுவாக 45 முதல் 46 அங்குலம் வரை இருக்கின்றன. என்னுடையது நாற்பத்தைந்தே முக்கால், அதாவது 116 சென்டிமீட்டர். பட்டரைத் தவிர எந்த மட்டையும் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. உயர்நிலைப் போட்டிகளை நடத்துபவர்கள் அதை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ள 2022 ஜனவரி முதல் வழி செய்யப்பட்டது. பந்து வெகுதூரம் பறப்பதைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு அது. டிக்கியை அளக்கும் எனக்கும் அந்த இரண்டு அங்குலம் உதவியாகத்தான் இருக்கிறது.

விதி பட்டருக்கு விலக்கு அளித்திருப்பதால் அங்கே ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. நின்ற நிலையில், மார்பு உயரத்தில் பிடித்து ஆடும் துடைப்பக்கட்டை போன்ற நீளமான பட்டர்கள் 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும். என்னோடு ஆடும் நண்பர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை டிரைவர் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

மட்டை தனியாக வருவதில்லை, பையோடு வருகிறது. டிரைவரின் பிடி பையின் அடியில் ஊன்றியிருக்க, அதன் தலை உறையோடு வாய்க்கு வெளியே நிற்பதால், என் பையை அடி முதல் உறையின் நுனி வரை அளந்தால் 122 சென்டிமீட்டர் வருகிறது. பையின் உடல் மட்டும் எல்லா வகையிலும் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர்தான். வேறுபடுவது பருமனும் எடையும். தோளில் சுமக்கும் ஸ்டாண்ட் பை வெறுமையாக இரண்டு, இரண்டரைக் கிலோ. வாய் விட்டம் எட்டரை, ஒன்பது அங்குலம். வண்டியில் கட்டும் கார்ட் பை அதைவிடப் பருமன். தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெயர் பொறித்த பெரிய பைகளோ பத்து அங்குலத்தைத் தாண்டும். வெறும் பையே நான்கரைக் கிலோவுக்கு மேல் போகும். மட்டைகளும் பந்துகளும் தண்ணீர்ப் புட்டியும் குடையும் சேர்ந்தால் சாதாரணப் பையே 12 முதல் 15 கிலோவாகிவிடுகிறது. நாமாகச் சேர்க்கும் பருமன் இன்னொன்று: பக்கவாட்டுப் பைகளில் மழைக்கோட்டையும் பழைய கையுறைகளையும் காணாமல் போனதாக நினைத்த பந்துகளையும் அடைத்து வைத்திருப்போம். நான் ஒருமுறை என் பையைக் காலி செய்தபோது முப்பத்தொரு பந்துகள் கிடைத்தன. ஒரு பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி; அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோவை வீணாகச் சுமந்திருக்கிறேன்.

இப்போது டிக்கிக்கு வருவோம். அளக்க வேண்டியது அகலம், அதுவும் சரியான இடத்தில். டிக்கியின் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் சக்கரக் கூடுகள் நெருக்கும். பல கார்களில் அங்கே அகலம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். சக்கரக் கூடுகளைத் தாண்டி, பின்கதவுக்குச் சற்று முன்னால், இரு பக்கச் சுவர்களிலும் குடைந்தாற்போல ஒரு பள்ளம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் குடை போடும் இடம் என்றோ முதலுதவிப் பெட்டிக்கான இடம் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். கோல்ஃப் ஆடுகிறவருக்கு காரின் தலைவிதியைத் தீர்மானிப்பது அந்தப் பள்ளம்தான். இடது பள்ளத்தின் அடிச்சுவரிலிருந்து வலது பள்ளத்தின் அடிச்சுவர் வரை நாடாவைப் பிடித்து, 122 வந்தால் பை குறுக்கே படுக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பைகள்கூடப் படுக்கும். 116 வந்தால் டிரைவரை மட்டும் உருவித் தனியாகக் குறுக்கே வைக்கலாம். 110க்குக் கீழே போனால் பின்னிருக்கையை மடக்குவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

குறுக்கே போகாவிட்டால் மூலைக்கு மூலை போகாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ் தேற்றத்தை நம்பி ஏமாந்தேன். என் பழைய காரின் டிக்கித் தரை 104 சென்டிமீட்டர் அகலம், 88 சென்டிமீட்டர் ஆழம். மூலைவிட்டம் 136 சென்டிமீட்டர். பை 122தான். காகிதத்தில் 14 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது. ஆனால் பை உள்ளே போகவில்லை. மூலைவிட்டம் என்பது தடிமன் இல்லாத கோடு, பையோ 27 சென்டிமீட்டர் பருமன் கொண்ட உருளை. அதன் தட்டையான அடிப்பகுதி மூலையின் முனை வரை போகாது. தன் விட்டத்தில் பாதியளவு, 13 சென்டிமீட்டருக்கு மேல், தள்ளியே நின்றுவிடும். மறுமுனையில் டிரைவரின் தலையும் அப்படியே ஆறு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். 136இலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 117. என் பைக்கு ஐந்து சென்டிமீட்டர் பற்றாக்குறை. அன்றிலிருந்து மூலைவிட்டத்திலிருந்து 20 சென்டிமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுகிறேன். இதுவரை அந்தக் கணக்கு என்னை ஏமாற்றவில்லை.

உள்ளே இடமிருந்தும் வாய் குறுகலாக இருக்கும் டிக்கிகள் உண்டு. செடான் கார்களில் இது அதிகம். பின்விளக்குகள் இரு பக்கத்திலும் உள்நோக்கி வந்து வாயை நெருக்குவதால், பையின் ஒரு முனையைச் சாய்வாக உள்ளே விட்டு, பள்ளத்தில் முட்டவைத்து, பிறகு மறுமுனையைச் சுழற்றி இறக்க வேண்டியிருக்கும்; நீளமான பெஞ்சைக் குறுகிய வாசல் வழியாக அறைக்குள் கொண்டுபோகும் வித்தைதான் இதுவும். ஒருமுறை செய்வது வேடிக்கை. ஒவ்வொரு வாரமும் இருட்டில் செய்வது வேறு. மூடியின் கீலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்; வாங்குவதற்கு முன் மூடியைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இரும்புக் கைகள் எங்கே வந்து உட்காருகின்றன என்று குனிந்து பாருங்கள். வாயு நிரம்பிய தண்டுகள் தாங்கும் மூடியாகவோ, கைகள் தனி உறைக்குள் இறங்கும் மூடியாகவோ இருந்தால் நிம்மதி.

காரின் வகையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காது என்றாலும், ஒன்றைச் சொல்லலாம். கூரை பின்கதவு வரை நீளும் ஸ்டேஷன் வேகனுக்கு நிகரான கோல்ஃப் வண்டி இல்லை. தரை நீளம், வாய் அகலம், விளிம்பு தாழ்வு என்று வேண்டிய மூன்றும் அதில் ஒருசேர அமைந்திருக்கின்றன. எஸ்யூவிகளின் உயரம் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அந்த உயரத்தில் பெரும்பகுதி சாளரத்துக்கு மேலே இருக்கும் காற்று. மேலும் பல எஸ்யூவிகளில் டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து 75, 80 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பதினெட்டுக் குழிகளையும் நடந்தே முடித்தால் எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் ஆகிவிடும். அதற்குப் பிறகு 15 கிலோ பையை இடுப்புக்கு மேல் தூக்கி, விளிம்பைத் தாண்டி உள்ளே சாய்க்க வேண்டும். விற்பனைக் கூடத்தில் யாரும் களைத்த முதுகோடு காரைப் பார்ப்பதில்லை என்பதால் இது அங்கே தெரியாது. ஏழு பேர் உட்காரும் கார்களில் மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது டிக்கி ஒரு அலமாரித் தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் அந்தத் தட்டின் அகலம் போதுமானதாக இருந்தால், ஒரு பை குறுக்கே அழகாக அமர்ந்துவிடுகிறது. பரிதாபத்துக்குரியதாக நினைக்கப்படும் ஹேட்ச்பேக்கை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தனியாக ஆடப் போகிறவருக்கு, ஒரு பக்க இருக்கையை மடக்கிய சிறிய ஹேட்ச்பேக், என் 500 லிட்டர் செடானைவிட எவ்வளவோ மேல்.

லிட்டர் எப்படித் திசைதிருப்பும் என்பதற்கு, பெயராலேயே இந்த விளையாட்டோடு சேர்த்துப் பேசப்படும் கார் ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் எட்டாம் தலைமுறையில் சாதாரண வகைக்கு டிக்கி 381 லிட்டர். மின்னேற்றம் செய்யக்கூடிய ஹைப்ரிட் வகைக்கு 273 லிட்டர். 108 லிட்டர் குறைவு என்றதும் ஹைப்ரிட் வகையை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அந்த லிட்டர்கள் போனது தரைக்கு அடியில். சுவருக்குச் சுவர் அகலம் அப்படியேதான் இருக்கிறது. ஒற்றைப் பைக்கு அகலம்தான் கேள்வி என்பதால், ஒன்றில் போகாத பை மற்றதிலும் போகாது, ஒன்றில் போனது பெரும்பாலும் மற்றதிலும் போகும். இரண்டு பைகளை அடுக்குவதாக இருந்தால்தான் அந்த உயரக் குறைவு உறைக்கும். (1976இல் வந்த கோல்ஃப் ஜிடிஐயின் கியர் குமிழ் கோல்ஃப் பந்து வடிவில் இருந்தது. குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை அது. குமிழைச் செய்தவர்கள் டிக்கியையும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.) தரையை உயர்த்துவதில் பேட்டரிக்குக் கூட்டாளியாக இருப்பது ஸ்டெப்னி. முழு அளவு ஸ்டெப்னி வேண்டும் என்று அடம்பிடிக்கிற எனக்கு, அதற்கு ஈடாக டிக்கியின் உயரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வருத்தமில்லை.

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களின் பாடு தனி. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் இப்போதைய தலைமுறையில் டிக்கி ஏறத்தாழ 130 லிட்டர். பையைப் பக்கத்து இருக்கையில் ஆளைப் போல உட்காரவைத்து பெல்ட் மாட்டுவதைத் தவிர வழியில்லை. மாட்டாவிட்டால் ஆள் இருப்பதாக நினைத்து கார் வழி முழுவதும் கூவிக்கொண்டே வரும். எஞ்சினை நடுவில் கொண்ட செவ்ரோலெ கார்வெட்டின் எட்டாம் தலைமுறையிலோ, எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு கோல்ஃப் பைகள் அடங்குகிற பெட்டி இருக்கிறது. அதை நிறுவனமே பெருமையாகச் சொல்கிறது. இதெல்லாம் புதிய ஆசையில்லை. 1920களின் இறுதியிலும் 1930களிலும் வந்த அமெரிக்க ரோட்ஸ்டர்களிலும் கூபேக்களிலும், பயணிகள் கதவுக்குப் பின்னால் காரின் விலாவில் சின்னஞ்சிறு தனிக்கதவு ஒன்று இருக்கும். அதைத் திறந்து பையை நீளவாக்கில், காரின் அகலம் முழுவதற்குமாக, உள்ளே செருகிவிடலாம். அகலத்தைப் பற்றி நான் மட்டை ஒன்றை முறித்துக் கற்றுக்கொண்டதை, அந்தக் காலத்துத் தச்சர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள்.

பின்னிருக்கையை மடக்கி ஏற்றுவதில் எனக்கு ஒரு பயம் உண்டு. டிக்கிக்கும் நமக்கும் நடுவே தடுப்பாக இருப்பது அந்த இருக்கையின் முதுகுதான். அதை மடக்கிவிட்டால் பை நம் முதுகுக்கு நேராக, தடையேதும் இல்லாமல் கிடக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நிற்கும்போது, உள்ளே தளர்வாகக் கிடக்கும் பை அதே வேகத்தில் முன்னோக்கி வரும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. மூன்று மாடி உயரத்திலிருந்து 15 கிலோ பை தலைமேல் விழுவதாக நினைத்துப் பார்த்தால், டிக்கித் தரையிலுள்ள கொக்கிகளில் வாரைக் கட்டச் சோம்பல் வராது. இருக்கை 40:20:40 என்று மூன்றாக மடங்கினால், நடுத்துண்டை மட்டும் சாய்த்து நீளமான மட்டைகளை அதன் வழியாக முன்னே நீட்டலாம். இரு பக்கமும் ஆட்கள் உட்காரலாம். 60:40 மடிப்பைவிட இது கோல்ஃபுக்கு மிகவும் ஏற்றது. இருந்தாலும் நான்கு பேர், நான்கு பைகள், ஒரே கார் என்ற கனவை விட்டுவிடுவது நல்லது. பெரிய வேகன்களிலும் வேன்களிலும் தவிர அது நடப்பதில்லை. நாங்கள் இரண்டு கார்களில்தான் போகிறோம்.

இன்னொரு வழியும் உண்டு. இன்றைய டிரைவர்கள் பலவற்றில் தலையையும் தண்டையும் திருகால் இணைத்திருக்கிறார்கள். கூடவே வரும் சாவியால் கழற்றி, போய்ச் சேர்ந்ததும் மாட்டிக்கொள்ளலாம். விமானத்தில் போகும்போது நானும் அப்படிச் செய்வதுண்டு. வாராவாரம் விடியற்காலையில் திருகைத் தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் அதையும் மடக்கிய நிலையில் அளந்துகொள்ள வேண்டும். இரண்டு பைகள் போகும் டிக்கியில் ஒரு பையும் ஒரு வண்டியும்தான் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரத் தள்ளுவண்டியின் லித்தியம் பேட்டரியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடக் கூடாது. மட்டைகளையும்தான். தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கும் எபாக்சிப் பசை தொடர்ந்த வெப்பத்தில் இளகும். ரப்பர்ப் பிடிகளும் பிசுபிசுத்து இறுகிப்போகும். டிக்கியில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக அதையே மட்டைகளின் வீடாக்கிவிட வேண்டாம் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது காரைத் தேடும்போது நான் பையோடு அலையவில்லை. பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, பையை அதன்மேல் படுக்கவைத்து, சுற்றிலும் பேனாவால் கோடிழுத்து, பையின் உருவத்தை அப்படியே வெட்டி எடுத்தேன். அடியில் 27 சென்டிமீட்டர் அகலம், மேலே போகப்போகக் குறுகி, டிரைவரின் தலைக்கு ஒரு குமிழ். போகுமிடமெல்லாம் அந்த அட்டையைத்தான் கொண்டுபோனேன். முதல் விற்பனைக் கூடத்தில் இருந்த இளைஞர், நான் அட்டையை டிக்கிக்குள் நுழைத்துத் திருப்புவதைச் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், இது என்ன, கிடாரா?” என்றார். விளக்கிச் சொன்னதும் ஆர்வம் வந்துவிட்டது. அவரே அங்கிருந்த மற்ற கார்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அட்டையைப் படுக்கவைத்துப் பார்த்தார். காட்சிக்கு நின்ற ஐந்து கார்களில், லிட்டர் கணக்கில் நான்காம் இடத்தில் இருந்த வேகன் ஒன்றில்தான் அது குறுக்கே கச்சிதமாகப் படுத்தது. பள்ளத்துக்குப் பள்ளம் 124 சென்டிமீட்டர். அதையே பதிவு செய்தேன். அட்டைக்கு உயரம் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, தரையிலிருந்து டிக்கித் திரை வரை எவ்வளவு என்று நாடாவால் தனியாக அளந்துகொண்டேன்.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் மயிரிழையில்தான் தப்பினேன். நான் அளந்தது அடிப்படை வகை. பணம் கட்டியது எல்லா வசதிகளும் கொண்ட மேல்வகைக்கு. ஒரே உடல், ஒரே டிக்கி என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்துவரும் நாளுக்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று அட்டையோடு மறுபடி போனேன். காரின் இடப்பக்கப் பள்ளத்தைக் காணவில்லை. அங்கே கறுப்புத் துணி போர்த்திய ஒரு சுவர் இருந்தது, தட்டினால் பொத்பொத்தென்றது. அதற்குள்ளே ஒலியமைப்பின் வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஒலிபெருக்கி. 124 சென்டிமீட்டர் 113 ஆகியிருந்தது. அதே இளைஞர் அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “பாட்டு நல்லாக் கேட்கும் சார்” என்றார் மெதுவாக. கீழ்வகைக்கே மாற்றித் தரச் சொன்னேன். அதற்கு இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டு சுமாராகத்தான் கேட்கிறது.

இப்போது என் பை குறுக்கே படுத்துக்கொள்கிறது. அதன்மேல் நண்பருடைய பை. டிரைவர்கள் இரண்டும் பைகளுக்குள்ளேயே இருக்கின்றன. நண்பரின் துடைப்பக்கட்டை பட்டர் மட்டும் இன்னும் எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. பின்னிருக்கையின் நடுத்துண்டைச் சாய்த்து, அந்த வழியாக அதை நீட்டிவைத்து, அதற்கும் ஒரு பெல்ட் போட்டுத்தான் அவர் வண்டியில் ஏறுகிறார்.